ஐஸ் அரங்கில் குரவை

1

ஒரு கிழமையாக என்னைப் பற்றி இணையத்தில் சண்டை நடக்கிறது. சண்டை பிடிப்பவர்கள் யாரும் என்னைக் கண்டதில்லை. என் மகள் ஷிஃபா பாடசாலை விட்டு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்து, அன்றைய சண்டையை எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். நான் உள்ளி உரித்துக்கொண்டே கேட்கிறேன்.

சண்டை நடக்கும் இடம் ஐஸ் நடன ரசிகர்களின் அரட்டைப் பக்கம். ஒரு ஆணும் பெண்ணும் காலில் கத்திச் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஐஸின் மேல் சோடியாக ஆடும் போட்டிதான் ஐஸ் நடனம். கல்முனையில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் போடுவது என்று வளர்ந்தவள் நான். இப்போது அந்தப் போட்டியின் நுணுக்கங்களை விடிய விடியப் பேசுவேன். அதை வியப்பாகப் பார்ப்பவர்களைப் பார்த்துத்தான் எனக்கு வியப்பு.

போன சனிக்கிழமை எங்கள் நகரத்தில் இந்தப் பருவத்தின் முதல் போட்டிகளில் ஒன்று நடந்தது. அதில் ஒரு சோடி ஆடி முடித்த கையோடு ஒரு சத்தம் கேட்டதாம். நெருப்பு மணி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, ஏதோ பறவை உள்ளே வந்துவிட்டது என்று இன்னொருவர். ஒரு பெண்மணி, இப்படிப்பட்டவர்களை வாசலிலேயே தடுக்க வேண்டும் என்கிறார். மற்றொருவர், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது, இனி எல்லாப் போட்டிக்கும் அவர் வர வேண்டும் என்கிறார். கூர்மையான காதுள்ள ஒருவர் மட்டும் எழுதினார்: சத்தம் ஒன்றல்ல, இரண்டு, இரண்டும் வேறு வேறு பக்கத்திலிருந்து வந்தன.

அவர் சொன்னது சரி. முதல் சத்தம் நான் போட்ட குரவை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வேறு ஊர்க்காரர்களுக்காக மட்டும் சொல்கிறேன்: கலியாணம், பிள்ளைப்பேறு என்று நல்ல காரியம் நடக்கும்போது எங்கள் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் நீண்ட ஓசை அது. கிழக்குக் கரையில் சோனக முஸ்லிம் வீட்டிலும் கேட்கும், தமிழ் வீட்டிலும் கேட்கும்.

இரண்டாவது சத்தம் யாருடையது என்பதுதான் இந்தக் குறிப்பு.

2

இந்த நாட்டுக்கு வந்து எட்டாவது குளிர்காலம் நெருங்குகிறது. வந்த நாளிலிருந்து கந்தோர்களில் என்னை என் வாப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டாவதாக எழுதுவது குடும்பப் பெயர் என்பது இவர்கள் கணக்கு. எனக்குப் பின்னால் என் வாப்பா நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழும்பிப் போவேன். ஷிஃபாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது அவளுடைய மூலப் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். அது ஊரில், உம்மாவின் அலுமாரியில் இருந்தது. அலுமாரியோடு கடலுக்குப் போய்விட்டது. “கடலில் தொலைந்தது” என்றேன். கந்தோர்க்காரர் பேனையை எடுத்து, “எந்தக் கப்பலில் வந்தீர்கள்?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பல் வரவில்லை ஐயா, கடல்தான் வந்தது என்று சொன்னேன். அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு அவரே இரண்டு நாள் அலைந்து வேறு வழி தேடித் தந்தார். நல்ல மனிதர்.

எனக்கு வேலை கிடைத்தது ஒரு ஐஸ் அரங்கின் சிற்றுண்டிச்சாலையில். சூப்பும் கோப்பியும் விற்பேன். பக்கத்தில் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் மேசையில் ஒருத்தி நின்றாள். முதல் நாளே என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “எந்த ஊர் கா?” என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் அந்த ஒரு “கா” போதும். “கல்முனை” என்றேன்.

“நான் பாண்டிருப்பு. மலர்.”

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சந்தையும் கொஞ்சம் தெருவும்தான். அங்கே ஒருவரையொருவர் கண்டதில்லை. தொண்ணூறுகளில், சோனகரும் தமிழரும் ஒருவருக்கொருவர் பயந்திருந்த காலத்தில், அந்தக் கொஞ்சம் தெரு எவ்வளவு நீளமாகிப் போனது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதை இங்கே நாங்கள் கதைப்பதில்லை என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. கதைக்க வேறு விசயம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் அரங்கில் காலைப் பயிற்சிக்கு ஒரு சோடி வரும். பத்தொன்பது இருபது வயதிருக்கும். பெண் என்னிடம் தக்காளி சூப் வாங்குவாள். பொடியன் காசை மறந்துவிட்டு வந்து அவளிடம் கடன் கேட்பான். ஓய்வு நேரத்தில் நானும் மலரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவர்கள் ஆடுவதைப் பார்ப்போம். அப்படிப் பிடித்த பைத்தியம். இருவரும் ஒற்றைக் காலில் பக்கத்துப் பக்கத்தில் சுழன்று போகும் ஒரு அடவு உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் என்னவோ பெயர். மலர் அதைக் “கிறுகல்” என்பாள். “பொடியன் பிந்திக் கிறுகுறான் கா. பொடிச்சி எவ்வளவு வடிவாக் கிறுகிறாள் பார்” என்பாள். அவர்களுக்கு எங்கள் பெயர் “நம்மட சோடி”.

ஐப்பசி பிறந்தால் பருவம் தொடங்கும். ஐஸ் நடன ரசிகர்களைப் பார்க்க வேண்டிய காலம் அதுதான். எல்லாச் சோடியும் புது இசை, புது உடுப்பு, புது நடனத்தோடு வரும். ஒன்றும் சரியாகப் பழகியிருக்காது. தூக்கும்போது கை நடுங்கும், இசை ஒரு பக்கம் போகக் கால் ஒரு பக்கம் போகும். ரசிகர்களோ கலியாண வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லும் மாமிமார் போலக் கூடிவிடுவார்கள். போன வருடத்து இசைதான் நல்லது, இந்த உடுப்பைத் தைத்தவன் யார், இவர்களுக்கு இந்த வருடம் ஒன்றும் சரிவராது என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்திலேயே சிலர் மட்டும் அமைதியாகச் சொல்வார்கள்: “இப்போதுதானே தொடக்கம். பங்குனியில் வந்து பாருங்கள்.” நானும் மலரும் அந்தக் கட்சி. மலர் சொல்வாள், “அரிசி இப்பத்தான் உலையில கிடக்கு, அதுக்குள்ள சோறு எங்க எண்டு கேக்குதுகள்.”

ஒவ்வொரு வருடமும் முதல் போட்டிக்கு ஒன்றாகப் போவோம். இஞ்சி போட்ட பிளேன்டீ என் பொறுப்பு, முறுக்கு அவள் பொறுப்பு.

3

இந்த வருடம் தனித்தனியாகப் போனோம். காரணம் ஒரு வட்டிலப்பம்.

வைகாசி மாதத்தில் ஒரு நாள் விடிய ஊரிலிருந்து உம்மா தொலைபேசி எடுத்தா. என் தம்பிக்குப் பல வருடம் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது. கடல் எங்கள் வீட்டில் ஆளைக் கொண்டுபோன பிறகு பிறந்த முதல் பிள்ளை அது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. கித்துள் கருப்பட்டி ஒளித்து வைத்திருந்தேன். தேங்காய்ப்பால் எடுத்து, முட்டை அடித்து, ஏலம் போட்டு வட்டிலப்பம் அவித்தேன். சந்தோசம் வந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் வாயில் வைப்பார்கள். இங்கே எனக்குப் பக்கத்து வீடு மலர்தான், பேருந்தில் போக வேண்டியிருந்தாலும்.

நான் தொலைக்காட்சி போடவில்லை. செய்தி பார்க்கவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று உலகமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நாள் அது. மலரின் தங்கை வன்னியில் கலியாணம் முடித்தவள். பிள்ளைகளோடு எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்று தெரியாமல் மலர் மாதக்கணக்காகத் துடித்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். அந்த நாள்தான் அந்த நாள் என்பது தெரியாது.

கதவைத் திறந்தாள். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம் வீங்கிப் போயிருந்தது. என் கையில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். மூடியைத் திறக்காமலே மணம் வந்திருக்க வேண்டும்.

“இண்டைக்கா ஹாஜரா இனிப்புக் கொண்டு வந்த?”

அப்போதுதான் தொலைக்காட்சியைப் பார்த்தேன். அவள் என்ன நினைத்திருக்கிறாள் என்று விளங்கியது. “அல்லாவே, என்ட தம்பிக்குப் புள்ள பொறந்திரிக்கி கா” என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடம் என் பிளேன்டீயைக் குடித்தவள், என்னைப் போய் அப்படி நினைப்பாளா? நான் யார், எப்படிப்பட்டவள் என்று இவளுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டுமா? பாத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டேன். பேருந்தில் என் மடியில் வட்டிலப்பம் சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன், கோபத்தில் பாதி, மலரின் தங்கையை நினைத்துப் பாதி.

அடுத்த கிழமை அவள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். நான் மாலையில், அவள் காலையில். அவளாக வரட்டும் என்று நான் இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். எங்கள் பக்கத்துப் பெண்களின் வீம்பு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. தங்கை கிடைத்தாளா? அதை வேறு யாரிடம் கேட்பது?

வேலை செய்யும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நல்ல மனதோடுதான் கேட்டாள், “உங்கள் நாட்டில் இப்போது எல்லாம் சரிதானே?” நான் சொன்னேன், “பருவம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.” அவளும் ஐஸ் நடன ரசிகை. விளங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

4

குரவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் குரவையை ஒருத்தி தொடங்குவாள், மற்றவர்கள் ஏந்திக்கொள்வார்கள். ஒற்றைக் குரவையாக விட்டால், “உங்களுக்கெல்லாம் வாயில்லையா?” என்று ஏச்சு விழும். இப்போது சில மௌலவிமார் இது வேண்டாத பழக்கம் என்கிறார்கள். சொல்லட்டும். எங்கள் தெருவில் தொடங்குகிறவள் எனக்கு மூத்தவள், என் ராத்தா. அவளுடைய குரவை சந்தை வரைக்கும் கேட்கும் என்று வாப்பா பகிடி பண்ணுவார்.

ராத்தாவைக் கடல் கொண்டுபோனது. நான் இங்கே தொலைக்காட்சியில் எங்கள் கரையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

இரண்டு வருடம் கழித்து ராத்தாவின் மகளுக்குக் கலியாணம். ஊருக்குப் போனேன். தகரக் கொட்டிலில் இருந்தார்கள். மாப்பிள்ளை வந்தார், தாலி கட்டினார். குரவை போட வேண்டிய நேரம் வந்தது. பெண்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் தொடங்கவில்லை. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவளுடைய தங்கை அல்லவா. நான் வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை. யாரோ சர்பத் கொண்டுவந்து கொடுத்து அந்த நேரத்தைக் கடத்தினார்கள்.

அன்றிலிருந்து என்னால் குரவை போட முடியாது என்றே முடிவு செய்துவிட்டேன். இதை ஊரில்கூட யாரிடமும் சொல்லவில்லை. மலரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “உங்கட குரவை நீளம், எங்கட குரவை சத்தம். எப்பவாச்சும் நீ தொடங்கினா நான் புடிக்கிறன்” என்றாள்.

5

சனிக்கிழமை ஷிஃபாவோடு போனேன். அவள் வந்ததே பெரிய காரியம். பதினைந்து வயது, என்னோடு கடைக்கு வந்தால் மூன்றடி தள்ளி நடப்பாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆனால் ஐஸ் நடனம் என்றால் வருவாள், அரட்டைப் பக்கத்தில் உடனுக்குடன் எழுத வேண்டுமே.

“உம்மா, சத்தமாக் கதைக்க வேணாம். பிளேன்டீயை வெளிய எடுக்க வேணாம், ப்ளீஸ்” என்றாள் உட்காரும் முன்பே.

நான் பிளேன்டீயை எடுத்தேன்.

எங்களுக்குப் பின்னால் தூரக்கண்ணாடியோடு இரண்டு வயதான பெண்கள். ஒவ்வொரு சோடிக்கும் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். நம்மட சோடி வந்தபோது அவர்கள் குரல் தாழ்ந்தது. போன வருடம் முழுக்க இவர்கள் ஆடவில்லை. அந்தப் பெண்ணுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. மாதக்கணக்காக ஊன்றுகோலோடு வந்து என்னிடம் சூப் குடித்துவிட்டுப் போனாள். பொடியனுக்கு வேறு துணை தேடச் சொல்லிப் பலர் எழுதினார்கள். அவன் தேடவில்லை. ஒவ்வொரு காலையும் தனியாக, பக்கத்தில் ஆள் இருப்பது போலக் கையை நீட்டிக்கொண்டு ஆடிப் பழகினான். அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது நானும் மலரும் மட்டும்.

இசை தொடங்கியது. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. கிறுகல் வந்தது, பொடியன் பிந்தவில்லை. நான் என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பி, “பாத்தியா கா” என்றேன். பக்கத்தில் ஷிஃபா இருந்தாள்.

நடுவில் அந்தப் பெண் விழுந்தாள். சும்மா வளைந்து போகும் இடத்தில், சப்பாத்துக் கத்தி வழுக்கி, பழைய முழங்கால் அடிபட. அரங்கம் முழுக்க “ஓ” என்றது. பின்னால் தூரக்கண்ணாடி அம்மா, “நான் சொன்னேனே” என்றார். பொடியன் கையை நீட்டினான். அவள் பிடித்து எழும்பினாள். விட்ட இசையை ஓடிப் பிடித்து, முடிவு வரை ஆடினார்கள். கடைசி நிலையில் நின்றபோது அவள் முகத்தில் இருந்ததை நான் எங்கே கண்டேன் என்று யோசித்தேன். தகரக் கொட்டிலில் மணப்பெண்ணாக இருந்த ராத்தாவின் மகளிடம். நல்ல காரியம் நடந்து முடிந்துவிட்டது, ஆனால் அது நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும் என்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பிள்ளை.

கைதட்டினார்கள். மரியாதைக் கைதட்டல். அது ஓயும் இடத்தில்தான் என் வாயிலிருந்து அது வந்தது.

நான் யோசிக்கவில்லை. நாக்கு தானாகச் சுழன்றது. நீளமாக, கூரை வரைக்கும் போய் வந்தது. அரங்கமே திரும்பிப் பார்த்தது. ஷிஃபா சட்டைத் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “உம்மா! உம்மா, ஸ்டாப்!” மூச்சு முடிந்தது, நிறுத்தினேன். அதன் பிறகு இருந்த அமைதி இருக்கிறதே, அதைவிடப் பெரிய வெட்கத்தை நான் இந்த நாட்டில் பட்டதில்லை. ஏந்திக்கொள்ள ஆளில்லாத ஊரில் குரவையைத் தொடங்கிவிட்டு நின்றேன்.

அப்போது எதிர்ப்பக்கத்தின் மேல் வரிசையிலிருந்து வந்தது. நீளம் இல்லை, சத்தம்.

எனக்குக் கண் மங்கிவிட்டது. ஆள் தெரியவில்லை, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மறுபடி தொடங்கினேன். அவள் மறுபடி ஏந்தினாள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஐஸின் மேல் நின்ற அந்தச் சோடி முதலில் மிரண்டது. பிறகு அந்தப் பெண், சத்தம் போட்டது யாரென்று கண்டுகொண்டாள் போலும். சூப்புக்காரியைப் பார்த்துச் சிரித்துக் கையை அசைத்தாள். அதன் பிறகுதான் சனம் எழும்பி நின்று தட்டியது. புள்ளி குறைவாகத்தான் வந்தது. விழுந்தால் அப்படித்தான். பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம்.

6

இடைவேளையில் படிக்கட்டுப் பக்கம் போனேன். மலர் முறுக்குப் பையோடு நின்றாள். மெலிந்து போயிருந்தாள். ஐந்து மாதம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்செல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அவள்தான் வாயைத் திறந்தாள்.

“அந்த உடுப்பு சரியில்ல கா. நீலம் அவளுக்கு எடுக்கல்ல.”

“ஓம்” என்றேன். “தூக்குற இடத்தில இசையும் இழுவையா இரிக்கி.”

“அது மாத்திருவாங்க. இப்பத்தானே தொடக்கம்.” முறுக்கை நீட்டினாள். ஷிஃபா எடுத்துக்கொண்டாள். நானும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு நான் கேட்டேன், “தங்கச்சி?”

“இரிக்கா. முகாமில. புள்ளையளும் இரிக்கிதுகள். போன மாசம் ஒருக்காக் கதைச்சன். குரல்தான் மாறிப் போச்சு.” அவள் கண்ணைத் துடைக்கவில்லை, நான் துடைத்தேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன்.

பிறகு மலர் ஐஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“எங்கட அம்மா போன கிழமை கல்முனைச் சந்தையில உன்ட உம்மாவக் கண்டவவாம். ரெண்டு பேரும் மீன்காரனோட சேந்து சண்டை புடிச்சிப்போட்டு, உன்ட தம்பிட புள்ளக் கதையும் கதைச்சு ஒண்டா வந்திரிக்குதுகள். அதுகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நாமதான் இஞ்ச கிடந்து முறுகிட்டு இரிக்கம்.” திரும்பி என்னைப் பார்த்தாள். “அண்டைக்கு நீ சொல்லியிருக்கலாம் கா, தம்பிக்குப் புள்ள எண்டு.”

“நீ கேட்டிருக்கலாம்” என்றேன் நானும் விடாமல்.

“ஓம், கேட்டிருக்கலாம்.” சிரித்தாள். “என்ன புள்ள?”

“பொம்புளப் புள்ள. ராத்தாட பேரத்தான் வெச்சிரிக்காங்க.”

மலர் தலையை ஆட்டினாள். மணி அடித்தது, அடுத்த சோடிகள் வரப்போகின்றன. பையைச் சுருட்டிக்கொண்டு, என் பக்கத்து வரிசைக்கு நடந்தபடி சொன்னாள்:

“ரெண்டாந்தரம் போட்டன் பார், அது உன்ட தம்பிட புள்ளைக்கு.”